முச்சந்தியில் அடுக்கிய மூட்டைகள்

எங்கள் ஊராட்சிக்கு அந்த நிதியை ஒதுக்கியபோது அதன் பெயரை ஒரே மூச்சில் படிக்க என்னால் முடியவில்லை. வீடுகளில் சேரும் அபாயகரமான கழிவுகளைத் தனியாகச் சேகரித்துப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தும் பணி. கிராம சபையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு இதை வாசித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "எங்க வூட்ல அபாயம்னா எங்க மாமியா மட்டுந்தாங்க. வண்டியில ஏத்திக்கினு போவீங்களா?" என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. அவருடைய மாமியாரும் சிரித்தார். நான்தான் சிரிக்காமல், பூச்சிமருந்து டப்பா, எரிந்துபோன டியூப் லைட், பேட்டரி, பெயிண்ட் டின், காலாவதியான மாத்திரை, சர்க்கரைக்காரர்கள் போட்டுக்கொள்ளும் ஊசி என்று சொல்லிக்கொண்டே போனேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவ்வளவு அலைந்து வாங்கிய நிதி அது.

நான் ஊராட்சித் தலைவர். பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்பதால் நின்றேன், ஜெயித்தேன். ஓட்டு கேட்ட போஸ்டரில் என் படம் தபால்தலை அளவுக்கும் என் கணவர் படம் ஆள் உயரத்துக்கும் இருந்தது. ஊரில் இன்றைக்கும் "தலைவர்" என்றால் அவர்தான். நான் "தலைவரம்மா". யூனியன் ஆபீஸ் கூட்டத்துக்கு நானே போக ஆரம்பித்தபோது, "தலைவர் வரலீங்களா?" என்று என்னிடமே கேட்பார்கள். தெரு விளக்கு, தண்ணித் தொட்டி, ரோடு என்று வந்த வேலையெல்லாம் அவர் கையால் நடந்தது. இந்தக் கழிவுத் திட்டம் ஒன்றுதான் நானாகக் கேட்டு, நானாக எழுதிப்போட்டு வாங்கியது. அதில் ஒரு திமிர் எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

கேட்டதற்குக் காரணம் கல்வராயன் மலையில் நான் குடித்த தண்ணீர். வெள்ளிமலைக்குப் போகும் வழியில் ஒரு ஊரில் கல்யாணம். மலை ஊராட்சித் தலைவருடைய சொந்தக்காரர்கள் வீடு. வெயிலில் ஏறி வந்த களைப்புக்குத் தண்ணீர் கேட்டேன். கேனிலிருந்து சாய்த்துக் கொடுத்தார்கள். குடித்து முடித்த பிறகுதான் கேனைப் பார்த்தேன். மக்காச்சோளத்துக்கு அடிக்கிற களைக்கொல்லிக் கேன். நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள், லேபிளில் பாதி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே எங்கள் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையிலேயே அதே கேனை வெட்டித் தவிடு அள்ளிக்கொண்டிருந்தோம். அந்தக் கல்யாணத்திலேயே மலை ஊராட்சித் தலைவரிடம் பேசி, இரண்டு ஊராட்சியும் சேர்ந்து கேட்போம் என்று முடிவு செய்தோம். ஒரே லாரி மலையிலிருந்து இறங்கி, எங்கள் ஊரிலும் ஏற்றிக்கொண்டு, இந்த மாதிரிக் கழிவை வாங்கி அழிக்கிற ஆலைக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு.

எப்போது சேகரிப்பது என்பதில்தான் நான் என் மூளையை ரொம்ப மெச்சிக்கொண்டேன். எங்கள் பக்கம் யாரும் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். ஓடாத கடிகாரம்கூட 'இருக்கட்டும்' என்று பரணுக்குப் போகும். பரண் இறங்குவது வருஷத்துக்கு ஒரு தரம், பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறபோது. மார்கழிக் கடைசியில் வீட்டுச் சாமான் மொத்தமும் வாசலில் கிடக்கும். அந்த நேரத்தில் போய் நின்றால் கேட்காமலே கொடுப்பார்கள். ஆகவே போகிக்கு முந்தின நாள் என்று முடிவு செய்தேன். இடம், மாரியம்மன் கோயில் முச்சந்தி. வருஷா வருஷம் எங்கள் தெருவும் அடுத்த தெருவும் பழைய பாயையும் துடைப்பத்தையும் கொண்டுவந்து போகி கொளுத்துகிற இடம் அதுதான். ஜனங்களுக்குக் கால் பழகின இடம், வழி சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன்.

லாரி மட்டும் உடனே கிடைக்கவில்லை. பொங்கல் வாரத்தில் எங்கள் பக்கத்து லாரிகளில் பாதி மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும், மீதி சென்னைக்குப் பொங்கல் கரும்பு ஏற்றும். காணும் பொங்கல் கழிந்துதான் வரும் என்றார்கள். அதுவரை எல்லாவற்றையும் பூட்டிக் கிடக்கிற பழைய நூலகக் கட்டடத்தில் வைத்துவிடலாம் என்று ஒரு டிராக்டருக்குச் சொல்லிவைத்தேன்.

இங்கே எங்கள் ஊர்த் தூய்மைக் காவலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலனியில் இருக்கிற அம்மா. தினம் விடிவதற்குள் தெருவுக்கு வந்துவிடுவார். என்னைவிட வயதில் மூத்தவர். இங்கே எழுதும்போது அவர், இவர் என்று மரியாதையாக வருகிறது. நேரில் நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிடுகிறேன், அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசுவார். வாய் ஜாஸ்தி. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதைக் குப்பையை வைத்தே ஊருக்குச் சொல்லிவிடுவார். என் வீட்டுக் குப்பையைப் பார்த்து, "தலைவரம்மா வூட்ல இன்னா, ரெண்டு நாளா ஓட்டல் பொட்டலமாவே வருது, சண்டையா?" என்று முச்சந்தியில் வைத்துக் கேட்டவர். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்தச் சேகரிப்பு நாளில் அவர் இல்லாவிட்டால் ஒன்றும் நடந்திருக்காது.

அன்றைக்கு வீடு வீடாக நுழைந்தார். "இன்னா ஒளிச்சி வெச்சிகினு கீறீங்க, எடுங்க வெளிய" என்று உரிமையோடு பரண் வரைக்கும் எட்டிப் பார்த்தார். கரும்புக்கும் பருத்திக்கும் அடித்த மருந்து டப்பாக்கள் மாட்டுக்கொட்டகைக் கூரை எரவாணங்களிலிருந்து கட்டுக்கட்டாக வந்தன. டியூப் லைட்டுகளைக் கரும்புக் கட்டு போல் தோளில் சுமந்து வந்தார்கள். முடிக்குப் பூசுகிற சாயப் பாக்கெட்டுகள், எலி மருந்து, உப்பிப்போன செல்போன் பேட்டரிகள், செத்துப்போன மாமனார் விட்டுச்சென்ற மாத்திரைப் பெட்டி அப்படியே. முன்பு கூட்டத்தைச் சிரிக்க வைத்தாரே, மாமியாரை ஏற்றிக்கொண்டு போகச் சொன்னவர், அவரும் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தார். பாய், துடைப்பம், துணி இதெல்லாம் எங்களுக்கு வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே ஒவ்வொருவரிடமும் திருப்பிக் கொடுத்தேன்.

சாயந்திரம் வெள்ளைச் சாக்குகள் முச்சந்தியில் மார்பு உயரத்துக்கு அடுக்கி நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிராக்டர் வந்து நின்றது. அப்போதுதான் யூனியன் ஆபீசிலிருந்து வட்டார வளர்ச்சி அலுவலர், பிடிஓ, போன் செய்தார். நல்லா நடந்ததாமே, காலையில் நேரில் வந்து பார்க்கிறேன், போட்டோ எடுத்து மேலே அனுப்பலாம் என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. பூட்டின கட்டடத்துக்குள் இருட்டில் கிடக்கிற மூட்டையை அவர் பார்ப்பதற்கும், ஊர் நடுவில் இப்படி மலை மாதிரி நிற்பதைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இல்லையா?

"இருக்கட்டும், ஏத்த வேணாம். நாளைக்கு ஆபீசர் வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"டிராக்டரு நின்னுகினு கீதுங்க. ஏத்தித் தள்ளிட்டா வேல முடிஞ்சிது. பாக்கறதுக்கு இன்னா கீது இதுல, பொண்ணு பாக்கவா வர்றாரு?"

"சொன்னதச் செய்யி" என்றேன். டிராக்டரைத் திருப்பி அனுப்பினேன். அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே கையுறையைக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மாதமாகப் போகியை வைத்தே திட்டம் போட்டவள் நான். போகியன்று அந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. எரிக்க வேண்டியதையெல்லாம் எங்களிடம்தான் கொடுத்துவிட்டார்களே, இனி எரிக்க என்ன இருக்கிறது என்று ஒரு நினைப்பு. பாயையும் துடைப்பத்தையும் நானே அவர்கள் கையில் திருப்பிக் கொடுத்ததை மறந்துபோனேன். சாப்பிடும்போது கணவரிடம் மூட்டைகளைப் பற்றி ஓயாமல் பேசினேன். அவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டே ம், ம் என்று கொட்டினார்.

அந்த முச்சந்தியில் போகிக்கு முதல் நெருப்பு எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். மாமனார் காலத்திலிருந்து அப்படி. எங்கள் வீட்டு ஆள் சூடம் ஏற்றிப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் கொளுத்துவார்கள். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறவும் இல்லை.

விடியலில் நல்ல பனி. எதிர் வீடு தெரியவில்லை. நான் உள்ளே அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். கணவர் பழைய பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, கையில் சூடத்தோடு வெளியே போனார். பிள்ளைகள் போகிக் கொட்டு அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு படபடவென்று வெடிச் சத்தம். தெருவில் யாரோ கைதட்டினார்கள், பட்டாசு என்று நினைத்து. எனக்குத்தான் புரிந்தது. டியூப் லைட்டுகள் வெடிக்கிற சத்தம் அது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது மூட்டைகளே தெரியவில்லை. எல்லோரும் இருட்டில் வந்து அவற்றின் மேல் பாயும் கூடையும் துணியுமாகப் போட்டு மூடியிருந்தார்கள். அதற்கு மேல் நெருப்பு. ஒரு பக்கம் பச்சையாக எரிந்தது. பனி அழுத்தியதால் புகை மேலே போகாமல் ஆள் உயரத்திலேயே தெரு முழுக்கப் பரவியது. மருந்து அடிக்கிற நாளில் கொல்லையில் வருமே அந்த நாற்றம், அதுவே தொண்டைக்குள் இறங்கிய மாதிரி இருந்தது. கொட்டு அடித்த பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். என் கணவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கோயில் பக்கம் ஒதுங்கி நின்றார்.

காலனிப் பக்கமிருந்து துடைப்பத்தோடு வந்துகொண்டிருந்த அந்த அம்மாதான் முதலில் நெருப்புக்குள் போனார். "ஐயோ மூட்டைங்க, மூட்டைங்க" என்று கத்தியபடி ஒரு நீளக் கழியை எடுத்து அடியிலிருந்த சாக்குகளைக் குத்தி வெளியே இழுத்தார். ஒன்று வந்தது, இன்னொன்று வந்தது. நான், "வுட்டுடு, வெளிய வா" என்று தூரத்திலிருந்து கத்தினேன். தூரத்திலிருந்துதான். பக்கத்தில் போகவில்லை. யாருமே போகவில்லை. ஒரு பையன் மாடியிலிருந்து செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் அந்த அம்மா வாந்தி எடுத்துக்கொண்டே குழாயடியில் விழுந்தார். நூத்தியெட்டு ஆம்புலன்ஸ் வந்து கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனது.

பிடிஓ சொன்ன நேரத்துக்கு வந்தார். பார்க்க வருகிறேன் என்றவர், பார்த்தார்.

அதற்குள் வீடியோ அவருடைய போனுக்கே வந்துவிட்டது. ஒரு பெண் கையில் கழியோடு நெருப்புப் பக்கத்தில் நிற்கிறாள், கழியால் நெருப்பைக் கிளறுகிறாள். அவ்வளவுதான் அதில் இருந்தது. என் கணவர் அதில் இல்லை. மேலே 'தூய்மைப் பணியாளரே விஷக் குப்பையைக் கொளுத்தும் கொடுமை' என்று எழுதியிருந்தார்கள். எந்த ஊரிலும் குப்பையைக் கூட்டிக் கொளுத்துவது அவர்கள்தானே, அதனால் பார்த்தவர்கள் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து பிடிஓ கேட்டார்: "சாயந்திரமே கட்டடத்துக்கு மாத்தணும்னு திட்டத்துல இருக்கே. ஏன் மாத்தல?"

எங்கள் கிளார்க் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் கணவர் முகத்தைப் பார்த்தார். "அந்தம்மாகிட்டதாங்க பொறுப்பு குடுத்திருந்துது. ஏத்தாம போயிட்டாங்க போல" என்றார்.

என் கணவர் யாரிடமோ டீ வாங்கிவரச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பேசியிருக்க வேண்டும். நான்தான் ஏற்ற வேண்டாம் என்றேன், டிராக்டரை நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி யார் கொளுத்தினது என்று வரும் என்று எனக்குத் தெரியும். திட்டம் நின்றுபோகும், மலைக்குப் போக வேண்டிய பங்கும் போகும், 'பொம்பள நிர்வாகம் இப்படித்தான்' என்பார்கள். இத்தனையும் அந்த ஒரு நிமிஷத்துக்குள் ஓடியது. டீ வந்தது. குடித்தேன். அந்த அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு பிடிஓ கிளம்பினார்.

வீட்டில் கணவரிடம் கத்தினேன். அவரும் கத்தினார். "அடியில மூட்ட கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்? பாயப் போட்டு மூடி வெச்சிருந்தாங்க. நீ வேற எங்கயோ வெச்சிருப்பன்னு நெனச்சிகினு கொளுத்துனேன்."

"அத்த சொல்லிடலாம்ங்க. தெரியாம நடந்துதுன்னு சொல்லிடலாம்."

"சொல்லு. தலைவரு புருஷனே கொளுத்திட்டான்னு சொல்லு. அப்புறம் உன் திட்டம் இன்னா ஆவும்? உன் பேரு இன்னா ஆவும்? எனக்கா நான் சொல்றேன்?"

எனக்காகத்தான் சொல்கிறார் என்று நானும் நம்பிக்கொண்டேன். அப்படி நம்புவது வசதியாக இருந்தது.

ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் இரண்டும் வீங்கி, குரல் கம்மிப்போய்ப் படுத்திருந்தார். பேச்சுக்கு நடுவில் இருமல் வந்து ஆளையே தூக்கிப்போட்டது. பக்கத்தில் அவருடைய மகள். திருநாவலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்.

"எத்தினி மூட்டங்க தப்பிச்சிது?" இதுதான் அவர் முதலில் கேட்டது.

"தப்பிச்சிது கொஞ்சம்" என்றேன்.

"நான்தான் சொன்னேனே, ஏத்திட்லாம்னு." அதில் குத்தலே இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். பிறகு, "வேலய வுட்டு நிறுத்திட்டாங்களாம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, இன்னா நடந்துதுன்னு" என்றார்.

மகள் என்னைப் பார்க்காமல் பேசினாள். "வேல கூட போவட்டும். எங்க வூட்ல எல்லாரு போன்லயும் அந்த வீடியோதான் ஓடுது. ஊருக்கே வெஷம் வெச்சவ பொண்ணுன்னு எங்க மாமனாரு கேக்கறாரு. அம்மா நல்லாயி அவங்களா வந்து பதில் சொல்ற வரிக்கும் வராதன்னு அனுப்பிட்டாங்க."

"பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பதவிக்கு வந்த பிறகு நான் நன்றாகக் கற்றுக்கொண்ட சொல் அது.

அதன் பிறகு வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மலை ஊராட்சித் தலைவர் வேறு போன் செய்துகொண்டே இருந்தார். அவர்கள் சேர்த்த மூட்டைகள் மலைப்பாதை பஸ் நிறுத்தத்தில் கிடக்கின்றன, லாரி எப்போது வரும் என்று கேட்டார். நிதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குடியரசு தின கிராம சபைக்கு அந்த அம்மாவும் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, இருமிக்கொண்டே, பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தார். பிடிஓவும் இருந்தார். தீர்மானங்களெல்லாம் வாசித்து முடிந்ததும் நான் மைக்கை எடுத்தேன்.

"மூட்டைங்கள ஏத்த வேணாம்னு சொன்னது நான்தான். அந்தம்மா ஏத்திடலாம்னுதான் சொன்னாங்க. டிராக்டர நான்தான் திருப்பி அனுப்புனேன். ஆபீசர் பாக்கணும்னு ஆசப்பட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் கெடையாது. அவங்க நெருப்ப அணைக்கத்தான் போனாங்க" என்றேன்.

பிறகு யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். "தலைவர்னா இப்டி இருக்கணும்" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். என்னை முதன்முதலாக 'அம்மா' சேர்க்காமல் தலைவர் என்றார்கள். பிடிஓ எழுந்து, இந்த மாதிரி வெளிப்படையாகப் பேசுகிறவர்களால்தான் திட்டங்கள் உருப்படும் என்றார். அந்த இடத்திலேயே அந்த அம்மாவுக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானம் ஆனது. நிதியும் நிற்காது என்றார். சொன்னபடி லாரி வந்து மலை மூட்டைகளையும் நெருப்பில் தப்பிய மூட்டைகளையும் ஏற்றிப் போனது.

கொளுத்தினது யார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் தெரியும். என் கணவர் முன்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினார். பெண்கள் பக்கம் கடைசியில் ஒருவர் மட்டும் தட்டவில்லை. கை மடியில் இருந்தது.

நான் நிம்மதியாகத் தூங்கியது அன்றைக்குத்தான். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

மாசி பிறந்த பிறகு ஒரு காலையில் அந்த அம்மா எங்கள் வாசலில் தள்ளுவண்டியை நிறுத்தினார். குப்பையை வாங்கிக்கொண்டு உடனே போகவில்லை. கணவர் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வேல வந்துடுச்சிங்க. சந்தோஷம்" என்றார் என்னிடம். "ஆனா அந்த வீடியோ இன்னும் போய்க்கினுதான் கீது. எம்பொண்ணு இன்னும் என் வூட்லதான் கீது. மூட்டைய வெக்கச் சொன்னது யாருன்னு சொன்னீங்க. கொளுத்துனது யாருன்னு சொல்லலியே."

பிறகு தாழ்வாரத்தைப் பார்த்தார். "ஐயா, நீங்க சூடத்தப் போடும்போது நான் எதுக்க வந்துகினு இருந்தேன்."

"பனியில எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார் கணவர், பேப்பரை இறக்காமல்.

"தெரியாமத்தாங்க கொளுத்துனீங்க. நான் ஒண்ணும் வேணும்னு செஞ்சீங்கன்னு சொல்லல. எம்பொண்ணு மாமனாருக்கு ஒரு போன் போட்டு அத்த சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல."

கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனார். கொல்லைக் கதவு சத்தம் கேட்டது. பைக்கை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டார்.

"நான் பேசறேன்" என்றேன். நம்பரை அந்த அம்மாவே சொன்னார். அவர் எதிரில் நின்றபடியே போன் போட்டேன். நான் இன்ன ஊர் ஊராட்சித் தலைவர் என்றதும் அந்தப் பக்கத்தில் குரல் பணிந்தது.

"அந்த வீடியோவுல இருக்கறது தப்புங்க. உங்க சம்பந்தியம்மா கொளுத்தல. அணைக்கப் போயி உசுர வுடப் பாத்தாங்க" என்றேன்.

"அப்டிங்களா" என்றார் அவர். "அப்ப யாருங்க கொளுத்துனது?"

அந்த அம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்காரர்தான் என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல்.

"போகிங்க... இருட்டு, பனி. யாரோ" என்றேன்.

"யாரோன்னா, இவங்களாவும் இருக்கலாம் இல்லீங்களா?" என்றார். குரலில் இப்போது அந்தப் பணிவு இல்லை. "சரிங்க, வெச்சிடறேன்."

போனைக் கீழே இறக்கினேன். அந்தப் பக்கம் பேசியது அந்த அம்மாவுக்குக் கேட்டிருக்காது, நான் பேசியது கேட்டிருக்கும். அதுவே போதும். எங்கள் வீட்டுக் குப்பைக் கூடையை எடுத்து வண்டியில் கவிழ்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை, வழக்கமான பேச்சும் பேசவில்லை. இருமிக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போனார்.

மகள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். காலையில் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறபோது வண்டியை அவள் தள்ளுகிறாள். இந்த வருஷமும் நிதி வந்திருக்கிறது, போன வருஷத்தைவிடக் கூடுதலாகவே. மற்ற ஊராட்சிகளுக்கு வந்து பேசும்படி என்னைக் கூப்பிடுகிறார்கள். நேர்மைக்கு உதாரணமாம். போய்ப் பேசிவிட்டும் வருகிறேன்.

நடந்தது முழுவதையும் ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் கணவரிடம் கொடுத்தேன். சத்தம் போடுவார், கிழித்துப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரைக்கும் பொறுமையாகப் படித்தார்.

"எங்கயும் யாரு பேரும் எழுதல இல்ல?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப சரி" என்று திருப்பிக் கொடுத்தார்.